நமது இசை ரசிகர் மன்றத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

(19.1.2025 ஞாயிறு மாலை பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது)

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொங்கல் முடிந்த கையோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் அஞ்சலி. சென்ற ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி, சிகிச்சைக்காகச் சென்றிருந்த இலங்கையில் பாடகி பவதாரிணி காலமானார். மே 1ஆம் தேதி பாடகி உமா ரமணன். டிசம்பர் 15ஆம் தேதி தபலா மேதை ஜாகிர் உசேன். இந்த ஆண்டு பிறந்து பத்து நாள் ஆவதற்குள், ஜனவரி 9ஆம் தேதி பாடகர் பி. ஜெயச்சந்திரனும் போய்விட்டார். எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்க வேண்டுகிறேன்.

ஆண்டு முழுவதும் மன்றம் 12 முறை கூடியது. நவம்பர் கூட்டம் மட்டும் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. வழக்கம்போல இரண்டாம் ஞாயிறு மாலை, ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கைபேசியை அணைத்துவிட்டுக் கேட்பது. அப்புறம் டீ. அப்புறம்தான் பேச்சு. இப்போது பாட்டுகள் ஒவ்வொன்றாகத்தான் வெளிவருகின்றன. முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழுகிறது. அதனால், எல்லாப் பாட்டும் வந்த பிறகுதான் ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொள்வது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். அந்த முடிவு நல்லதாகவே அமைந்தது. தனியாகக் கேட்டபோது சாதாரணமாகப் பட்ட சில பாட்டுகள், வரிசையில் வைத்துக் கேட்டபோது வேறு மாதிரி ஒலித்தன.

பிப்ரவரி 11ஆம் தேதிக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பவதாரிணிக்கு அஞ்சலியாக, அவருக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’ பாட்டை முதலில் போட்டோம். பாட்டு முடிந்தும் யாரும் பேசவில்லை. அதன் பிறகு, ஏற்கெனவே திட்டமிட்டபடி ஏ.ஆர். ரஹ்மானின் ‘லால் சலாம்’ ஆல்பம். அதில் ‘திமிறி எழுடா’ பாட்டில் பம்பா பாக்யாவின் குரலும் சாகுல் ஹமீதின் குரலும் வருகின்றன. பம்பா பாக்யா மறைந்தது 2022இல். ‘ராசாத்தி என் உசுரு என்னுதில்ல’ பாடிய சாகுல் ஹமீது போய் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அந்தக் குரல்களை உருவாக்கியிருந்தார்கள். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்தே செய்ததாக ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். அது முறையான காரியம். ஆனாலும் அன்று டீ நேரத்தில் தொடங்கிய பேச்சு ஆண்டு முழுவதும் ஓயவில்லை.

ஓய விடவும் இல்லை. செப்டம்பரில் யுவன் சங்கர் ராஜாவின் ‘கோட்’ ஆல்பம் கேட்டோம். ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாட்டில் விஜய்யோடு சேர்ந்து ஒலித்தது பவதாரிணியின் குரல், அதே முறையில். தங்கையின் குரலைத் தம்பி மீண்டும் கேட்க விரும்பியதை யார் குறை சொல்ல முடியும்? மன்னிக்கவும், பவதாரிணி யுவனுக்கு அக்கா. சென்ற செயற்குழுவிலும் இதே தவறைச் செய்தேன், திருத்திக்கொள்கிறேன். அக்டோபரில் அனிருத்தின் ‘வேட்டையன்’. அதன் ‘மனசிலாயோ’ பாட்டில் 2011இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரல், அவருடைய மகன் யுகேந்திரனின் குரலோடு சேர்ந்து வந்தது.

இது எப்படி நடக்கிறது என்று, ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் அன்று விளக்கினார். பெரும்பாலும் வேறொருவர் முழுப் பாட்டையும் முதலில் பாடிவிடுகிறார். மறைந்தவரின் பழைய பதிவுகளைக் கொடுத்துப் பழக்கிய கணினி நிரல், அந்தப் பாட்டின் மேல் அவருடைய குரலின் நிறத்தை ஏற்றுகிறது. மூச்சு எங்கே விடுவது, எந்த எழுத்தை அழுத்துவது, கமகம் என்னும் சுர அசைவை எங்கே வளைப்பது எல்லாம் பாடிக் கொடுத்தவருடையது. நிறம் மட்டும்தான் மறைந்தவருடையது. இதைக் கேட்டதும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், “எனக்கு அதெல்லாம் வேண்டாம் தம்பி, ‘பொதுவாக எம் மனசு தங்கம்’ பாடின அந்தக் குரல் ரஜினி படத்துல திரும்ப வந்துச்சே, அது போதும்” என்றார். ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர் அம்மா எழுந்து, “கேட்க நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் அவர் பாடவில்லையே” என்றார். இரண்டுமே உண்மை என்பதால் கூட்டம் முக்கால் மணி நேரம் நீண்டது.

முடிவில் கையுயர்த்தி ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். இயந்திரத்தால் உருவாக்கிய குரல் உள்ள ஆல்பத்துக்கு வாக்களிக்கத் தடை இல்லை. ஆனால் ஆண்டின் சிறந்த பாடகர் பிரிவில், அந்தப் பாட்டைத் தன் வாயால் பாடியவரின் பெயரை மட்டுமே எழுதலாம்.

நவம்பரில் கோவிந்த் வசந்தாவின் ‘மெய்யழகன்’. தஞ்சாவூரில் வீட்டை இழந்து ஊரை விட்டுப் போனவனின் கதை, நீடாமங்கலத்துக் கல்யாணம். நம்மில் பாதிப் பேருக்குப் பக்கத்து ஊர் விவகாரம்தான். ஆனால் நாம் அன்று படத்தைப் பற்றிப் பேசவில்லை. ‘யாரோ இவன் யாரோ’, ‘போறேன் நா போறேன்’ இரண்டிலும் கமல்ஹாசனின் குரல். அந்த மாதம்தான் அவருக்கு 70 வயது நிறைந்தது. குரலில் கரகரப்பு இருக்கிறது. அதை யாரும் துடைத்து எடுக்கவில்லை. பூர்வீக வீட்டை விற்றுவிட்டு இப்போது வாடகை வீட்டில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், பாட்டு முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. அவர் பக்கத்தில் வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் ‘விடுதலை’ இரண்டாம் பாகம். ‘தினம் தினமும்’ பாட்டை எழுதி, இசையமைத்து, அனன்யா பட்டோடு சேர்ந்து பாடியவர் 81 வயது இளையராஜா. ‘மனசுல’ பாட்டில் கர்நாடக இசைப் பாடகர் சஞ்சய் சுப்ரமணியன். கச்சேரி மேடையில் மட்டுமே கேட்டுப் பழகிய அந்தக் கனத்த குரல் சினிமாப் பாட்டுக்குள் இத்தனை பாந்தமாக உட்காரும் என்று நான் நினைக்கவில்லை.

செயலாளராக இல்லாமல் ஒரு ரசிகனாக இதைப் பதிவு செய்ய அனுமதி வேண்டுகிறேன். இயந்திரம் தருகிற குரலுக்கு வயது ஏறுவதில்லை. பழைய பதிவில் எந்த வயதில் இருந்ததோ அங்கேயே நின்றுவிடுகிறது. கமலும் ராஜாவும் சென்ற ஆண்டு பாடிய பாட்டுகளில், நாற்பது வருடமாக நாம் கேட்டு வந்த குரல் நம்மோடு சேர்ந்து மூப்படைந்திருப்பது காதில் விழுகிறது. என்னைச் சென்ற ஆண்டு அதிகம் தொட்டது அதுதான்.

மற்ற ஆல்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ராயன்’ ஆல்பத்தில் ரஹ்மான் இன்னொரு இசையமைப்பாளரான சந்தோஷ் நாராயணனைப் பாட வைத்தது எல்லோருக்கும் பிடித்தது. ஜி.வி. பிரகாஷ் ‘தங்கலான்’, ‘அமரன்’ என்று முற்றிலும் வேறுபட்ட இரண்டு ஆல்பங்களைக் கொடுத்தார். ‘மினிக்கி மினிக்கி’யில் சிந்தூரி விஷாலின் குரல் இளைய உறுப்பினர்களையும் முதியவர்களையும் ஒரே நேரத்தில் தாளம் போட வைத்தது. ‘லப்பர் பந்து’ பார்த்துவிட்டு வந்தவர்கள், ஷான் ரோல்டனின் பாட்டுகளோடு, படத்தில் ஒலிக்கும் ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ பாட்டையும் கேட்டே ஆக வேண்டும் என்றார்கள். 1989இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ கேசட்டைப் பொருளாளர் வீட்டிலிருந்து எடுத்து வந்தார். போட்டால் எல்லாக் குரலும் அரை சுருதி இறங்கி ஒலித்தது. டெக்கின் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. அடுத்த மாதம் மாற்றிவிட்டோம்.

டிசம்பர் வாக்கெடுப்பில் 31 பேர் கலந்துகொண்டார்கள். மெய்யழகன் 14 வாக்கு, அமரன் 8, விடுதலை இரண்டாம் பாகம் 5, மற்றவை 4. சிறந்த பாடகர் கமல்ஹாசன். சிறந்த பாடகி சிந்தூரி விஷால். சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’, ‘ஆச கூட’, பால் டப்பாவின் ‘காத்து மேல’ போன்ற படத்தில் இல்லாத தனிப்பாட்டுகளுக்கு நம் பட்டியலில் இடமே இல்லை என்று இளையவர்கள் வருத்தப்பட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. 2025இலிருந்து தனிப்பாட்டுக்கு ஒரு பிரிவு வைக்கச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பெல்ட் மாற்றியது, ஆம்பிளிஃபையரில் இரைச்சல் போக எர்த் கம்பி இழுத்தது தவிரப் பெரிய செலவு எதுவும் இல்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது.

அடுத்த கூட்டம் பிப்ரவரி 9ஆம் தேதி. ஜெயச்சந்திரனின் பாட்டுகளை மட்டும் கேட்கப் போகிறோம். ‘ராசாத்தி உன்ன’ பாட்டுக்காக ‘வைதேகி காத்திருந்தாள்’ இசைத்தட்டு யாரிடமாவது இருந்தால், உறையோடு கொண்டுவந்து தாருங்கள். கூட்டம் முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்