கீழே தையல் மிஷின், மேலே பியானோ

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் சந்தோஷம். நான் உனக்குச் சொல்லப்போகிற படத்திலும் மாடிப்படிதான் எல்லாக் காரியத்தையும் செய்கிறது.

அடுத்த மாதத் திரையிடலுக்குச் செலவில்லாமல் எடுத்த கொரியத் த்ரில்லர் ஒன்று வேண்டும், குடும்பத்துக்குள்ளேயே பேராசை புகுந்து ஆளைத் தின்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். சமீபத்தில் வந்த ஏதாவது ஒன்றை எதிர்பார்த்திருப்பாய். நான் சொல்வது 1960 நவம்பரில் வந்தது. கிம் கி-யங் எடுத்த ‘ஹன்யோ’. ஆங்கிலத்தில் ‘த ஹவுஸ்மெய்ட்’ என்று தேடினால் கிடைக்கும். தமிழில் நேராகச் சொன்னால் ‘வேலைக்காரி’. நோட்டீஸில் மட்டும் அப்படிப் போட்டுவிடாதே. 1949-ல் வந்த அண்ணாவின் படம் என்று நினைத்து வேறு கூட்டம் வந்து உட்கார்ந்துவிடும்.

நீ முதலில் தனியாக ஒரு தடவை பார்த்துவிடு. இதற்குமேல் எழுதப்போவதில் கதை முழுக்க வெளிவந்துவிடும்.

கறுப்பு வெள்ளை, ஏறக்குறைய 110 நிமிடம். பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. வெளியே என்றால் ஒரு நூற்பாலையும் அதன் பெண்கள் விடுதியும்தான். நினைவில் வைக்க வேண்டிய பாத்திரங்கள் ஏழு. ஆலைப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காத அவர் மனைவி, ஊன்றுகோலுடன் நடக்கும் மகள், அக்காவைச் சீண்டிக்கொண்டே இருக்கும் மகன், வாத்தியாருக்குக் காதல் கடிதம் எழுதும் ஆலைப் பெண், பியானோ கற்க வீட்டுக்கே வரும் அவள் தோழி, அந்தத் தோழி கூட்டிவந்து விடும் வேலைக்காரப் பெண். அந்தச் சின்னப் பையனாக வருவது ஆன் சங்-கி. பிற்காலத்தில் கொரிய சினிமாவின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் ஆனவர்.

பேராசை என்றால் சொத்துத் தகராறு, உயில், பூட்டிய பெட்டி என்று தேடாதே. இங்கே பேராசை ஒரு வீடு. புதிதாகக் கட்டிய இரண்டடுக்கு வீடு, அதில் ஒரு பியானோ, பின்னால் ஒரு டெலிவிஷன். கொரியப் போர் ஓய்ந்து ஏழே வருடம் ஆன நாட்டில் அது எவ்வளவு பெரிய எட்டாக்கனி என்று யோசித்துப் பார். ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று நம்மவர்கள் சொல்வது இவர்களுக்கும் பொருந்தும். கட்டிய கடனை அடைக்க மனைவி தைக்கிறாள், தைத்துத் தைத்து மயங்கி விழுகிறாள். அவள் விழுந்ததால் வேலைக்கு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் வந்ததால் குடும்பம் அழிகிறது. கதையில் தற்செயல் என்று எதுவும் இல்லை. ஒரு செலவு அடுத்த செலவைக் கூட்டிவருகிற மாதிரிதான் ஒவ்வொன்றும் வந்து சேர்கிறது.

வேலைக்காரி வந்து நல்ல குடும்பத்தைக் கெடுத்தாள் என்றுதான் பார்ப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். திரையிடல் முடிந்ததும் உன் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து இதைச் சொல்வார். அவருக்கு நீ ஆரம்பக் காட்சிகளை ஞாபகப்படுத்த வேண்டும். காதல் கடிதம் எழுதிய ஆலைப் பெண்ணை வாத்தியார் மேலிடத்தில் காட்டிக்கொடுக்கிறார். அவளுக்குத் தண்டனை, அவமானம். ஆலையை விட்டு ஊருக்குப் போகிறாள். கொஞ்ச நாளில் சாவுச் செய்தி வருகிறது. அப்போது பார்த்தால் அது கிளைக்கதை மாதிரி இருக்கும். உண்மையில் படத்தின் சட்டப் புத்தகமே அதுதான். ஒரு கடிதத்துக்கே ஒரு பெண்ணின் வேலை போகிறது என்றால், வாத்தியார் வேலைக்காரியோடு இருந்த விஷயம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? வேலை போகும், வீடு போகும். இந்த பயத்தை முதல் அரைமணியிலேயே விதைத்துவிட்டதால், பிறகு போலீஸை ஏன் கூப்பிடவில்லை, அவளை ஏன் துரத்தவில்லை என்று யாரும் கேட்க முடியாது.

வேலைக்காரி கர்ப்பம் என்று தெரிந்ததும் மனைவி அழுவதோடு நிற்பதில்லை, கணக்குப் போடுகிறாள். மாடிப்படியிலிருந்து விழுந்து கருவைக் கலைத்துக்கொள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதே இந்த அம்மாள்தான். அவளும் விழுகிறாள், கரு கலைகிறது. அதற்குப் பழியாகத் தன் பிள்ளை செத்த பிறகும் மனைவியின் கணக்கு மாறவில்லை. புருஷனை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கீழே உட்கார்ந்து தைக்கிறாள். வேலைக்காரி கேட்பது ஓர் ஆளை. மனைவி காப்பாற்றப் பார்ப்பது மாதச் சம்பளத்தை. இரண்டில் எது பேராசை என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மகன் சாகும் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் எலி மருந்துப் புட்டி இருப்பதைப் படம் முன்கூட்டியே நமக்குக் காட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு சமையலறையிலிருந்து வரும் எந்தக் கிளாஸைப் பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது. வேலைக்காரி பையனுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள், அவன் குடிக்கிறான். குடித்த பிறகுதான் அதில் விஷம் என்று சொல்கிறாள். பையன் பதறி ஓடிப் படியில் உருண்டு சாகிறான். கொன்றது மருந்தா, சொன்ன வார்த்தையா, படியா? தனித் தந்திரக் காட்சி கிடையாது, செலவும் கிடையாது. ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு வசனம், ஒரு மாடிப்படி. இன்றைக்குச் சின்னச் செலவில் த்ரில்லர் எடுக்க வருகிற பையன்கள் ரத்தத்துக்கும் துப்பாக்கிக்கும் போடுகிற பணத்தை மிச்சப்படுத்தி இந்தக் காட்சியைப் பத்துத் தடவை பார்க்கலாம். பலருடைய படம் சறுக்குவது பணம் இல்லாததால் அல்ல, ஆபத்தான பொருளை முன்கூட்டியே காட்டி வைக்க மறந்துவிடுவதால்.

வீட்டின் அமைப்பையும் கவனி. கீழே மனைவி, சமையலறை, தையல் மிஷின். மேலே பியானோ அறை, பக்கத்திலேயே வேலைக்காரியின் அறை. இரண்டுக்கும் வெளியே ஒரு பால்கனி, நடுவில் கண்ணாடிக் கதவுகள். கேமரா அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் பக்கவாட்டில் நகர்கிறது. உள்ளே பியானோ கற்க வந்தவள் வாத்தியாரிடம் மனதைத் திறக்கும் நேரத்தில், வெளியே மழையில் இன்னொருத்தி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். யார் யாரைப் பார்க்கிறார்கள், யாருக்குத் தெரியாது என்பதை ஒரே நகர்வில் கிம் சொல்லிவிடுகிறார். வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் அந்தத் திகில் பாதியாகியிருக்கும். அந்த வேலைக்காரி பியானோ கட்டைகளைக் கன்னாபின்னாவென்று குத்தும் சத்தம் கீழே இருப்பவர்களுக்கு மிரட்டல் மாதிரி கேட்கும். அதனால் ஒலியைக் குறைத்து வைக்காதே.

கிம் கி-யங் பல் மருத்துவம் படித்தவர். மனைவியும் பல் மருத்துவர். அந்த அம்மாளின் சம்பாத்தியம்தான் இவர் படங்களுக்கு முட்டுக்கொடுத்தது. மனைவியின் உழைப்பில் நிற்கிற வீட்டைப் பற்றி இவ்வளவு இரக்கமில்லாமல் படம் எடுக்க அவருக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். காலமும் கைகொடுத்தது. 1960 ஏப்ரலில் மாணவர் எழுச்சியால் தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ பதவி விலகினார். 1961 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நடுவில் கிடைத்த அந்தக் கொஞ்ச காலத்தில் வந்த படம் இது.

இனி உனக்கு நிஜமாகவே தேவையான விஷயம், பிரதி. இணையத்தில் சுற்றும் மங்கலான பழைய பிரதியை எடுக்காதே. 2008-ல் கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகமும், மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளையும் சேர்ந்து சீரமைத்த பிரதியைத் தேடி வாங்கு. அதிலும் இரண்டு இடங்களில் படம் சட்டென்று தரம் இறங்கும், நடுவில் ஒரு முறை, பிற்பாதியில் ஒரு முறை. மூல நெகட்டிவ் 1982-ல் கிடைத்தபோது ஐந்தாவது, எட்டாவது சுருள்கள் அதில் இல்லை. 1990-ல் ஒரு திரையரங்குப் பிரதி கிடைத்து அந்த இடங்களை நிரப்பினார்கள். ஆனால் அந்தப் பிரதியின்மேல் கையால் எழுதிய ஆங்கில வசனங்கள் பெரிய எழுத்தில், பிம்பத்தின் மேலேயே இருந்தன. அவற்றைக் கணினியில் சட்டகம் சட்டகமாக அழிக்க வேண்டியிருந்தது. ஒரு சுருளைப் பத்து நிமிடம் என்றே வைத்துக்கொள். விநாடிக்கு 24 என்றால் 14,400 சட்டகம். அதில் எழுத்து விழுந்த இடமெல்லாம் பின்னால் இருந்த முகத்தையோ சுவரையோ ஊகித்து நிரப்பியாக வேண்டும். அதனால் அங்கே பிம்பம் கொஞ்சம் குழைந்த மாதிரி தெரியும். புரொஜெக்டர் கெட்டுவிட்டது என்று யாராவது எழுந்து போய் ஃபோகஸைத் திருகப் போகிறார்கள், ஆரம்பத்திலேயே சொல்லிவிடு.

பிறகு வந்த படங்களைப் பற்றி யாராவது கேட்பார்கள். கிம்மே இதே கதையை 1971-லும் 1982-லும் மாற்றி எடுத்தார். 1971 படத்தில்தான் யூன் யோ-ஜங் சினிமாவுக்கு வந்தார். 2021-ல் ஆஸ்கர் மேடையில் தன் முதல் இயக்குநர் என்று கிம்மை நினைத்து நன்றி சொன்னாரே, அவர்தான். 2010-ல் இம் சாங்-சூ எடுத்ததிலும் நடித்திருக்கிறார். அதில் வீடு பெரும் பணக்காரர்களுடைய மாளிகையாகிவிட்டது. பார்க்க அழகு, ஆனால் எனக்கு அதில் பயமே வரவில்லை. அந்த வீட்டுக்காரர்களிடம் இழக்க எதுவும் இல்லை, மானம் போனால் பணத்தால் மூடிவிடுவார்கள். மாதச் சம்பளக்காரனின் வீடாக இருந்ததால்தான் 1960 படம் கழுத்தை நெரித்தது. ‘பாராசைட்’ எடுத்த போங் ஜூன்-ஹோ இந்தப் பழைய படத்தைத் தன் உந்துதல்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். ‘பாராசைட்’ படத்தின் படிக்கட்டுகள் எங்கிருந்து வந்தன என்று உன் கூட்டத்துக்குப் புரிந்துவிடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எலி மருந்தைக் குடித்துவிட்டு வாத்தியார் மனைவியிடம் போய்ச் சாக வேண்டும் என்று படியிறங்குகிறார். வேலைக்காரி அவர் காலைப் பிடித்துத் தொங்க, அவள் தலை ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டே கீழே வருகிறது. அதோடு படம் முடிந்தது என்று நினைத்துச் செருப்பைத் தேடுவார்கள். முடியவில்லை. தொடக்கத்தில் வாத்தியார் பேப்பரில் வேலைக்காரி விஷயமாக ஒரு செய்தி படித்தாரே, அந்த இடத்துக்கே திரும்பி, அவர் சிரித்துக்கொண்டே நேராக நம்மைப் பார்த்துப் பேசி, விரலை நீட்டுவார். கூட்டத்தில் சிலர் சிரிப்பார்கள், சிலர் ஏமாற்றிவிட்டான் என்று முணுமுணுப்பார்கள். தணிக்கைக்குப் பயந்து ஒட்டிய வாலா, இல்லை கடைசிக் குத்தா என்று நீங்கள் அடித்துக்கொள்ளலாம். நான் குத்து என்கிற கட்சி. விளக்கு போடுகிற பையனிடம் மட்டும் சொல்லி வை, அந்த விரல் திரையை விட்டுப் போகும்வரை சுவிட்சில் கை வைக்கக் கூடாது.

தேதி முடிவானதும் எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்