‘கோட்டா கேப்டன்’ என்று எழுதும் கிரிக்கெட் ரசிகர்களுக்கு

நண்பர்களே,

தென்னாப்பிரிக்க கேப்டன் தெம்பா பவுமா அவுட்டானால் போதும், அவர் உயரத்தையும் நிறத்தையும் வைத்து மீம் போட்டு, ‘கோட்டாவில் வந்த ஆள்’ என்று எழுதிவிடுகிறீர்கள். சரி, கோட்டாவைப் பற்றியே பேசுவோம்.

1894-லேயே க்ரோம் ஹென்ட்ரிக்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளரை, வெள்ளையர் இல்லை என்பதற்காக, இங்கிலாந்து போன தென்னாப்பிரிக்க அணியில் சேர்க்காமல் விட்டார்கள். 1970-ல் கிரிக்கெட் உலகம் ஒதுக்கிவைக்கும்வரை தென்னாப்பிரிக்கா டெஸ்ட் ஆடியது இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அணிகளோடு மட்டும்தான். நம்மோடு ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. நிறவெறி ஆட்சியில் பதினொரு இடமும் வெள்ளையருக்கே. நூற்றுக்கு நூறு ஒதுக்கீடு அது, அதற்குத்தான் ‘தகுதி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கேப் டவுனில் பிறந்த பேசில் டி’ஒலிவேராவுக்குச் சொந்த நாட்டு அணியில் ஆட வழியே இல்லை. 1960-ல் இங்கிலாந்துக்குப் போய், பிறகு அந்த நாட்டுக்காகவே ஆடி, 1968-ல் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 அடித்தார். அதற்கப்புறமும் தென்னாப்பிரிக்கா போகும் இங்கிலாந்து அணியில் முதலில் அவர் பெயர் இல்லை; ஒருவர் காயத்தால் விலகியதும்தான் சேர்த்தார்கள். இந்த அணியை ஏற்க முடியாது என்றார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர். தொடரே ரத்தாகிவிட்டது. 158 அடித்தவரிடம் என்ன தகுதி குறைந்தது, சொல்லுங்கள்.

நிறவெறிச் சட்டங்கள் போன பிறகும் மனசு மாறிவிடவில்லை. கறுப்பின வேகப்பந்து வீச்சாளர் மகாயா என்டினி 101 டெஸ்ட் ஆடி 390 விக்கெட் எடுத்தவர். அணியின் பஸ்ஸில் அவர் பின்னால் உட்கார்ந்தால் மற்றவர்கள் முன்னால் போய்விடுவார்களாம், அதனால் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு ஓடியே போவாராம். 2020-ல் அவரே சொன்னது இது. ஏன் ஓடுகிறார் என்று அத்தனை வருஷம் யாருக்கும் புரியவில்லை.

2016-ல் தென்னாப்பிரிக்க அணிக்கு வந்த ஒதுக்கீட்டு விதி கேட்டது இவ்வளவுதான்: ஒரு சீசனில் சராசரியாகப் பதினொருவரில் ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவராக இருக்க வேண்டும், அதில் இரண்டு பேராவது கறுப்பராக இருக்க வேண்டும். அந்த நாட்டு மக்களில் பெரும்பான்மை யார் என்று யோசித்துவிட்டு இது அதிகமா என்று சொல்லுங்கள். இன்றைய கறுப்பின வேகப்பந்து வீச்சாளர்களில் ரபாடா படித்ததும் வசதியான தனியார் பள்ளியில்தான். வீட்டுவேலை செய்த அம்மாவின் மகன் என்கிடிக்கு உதவித்தொகை கிடைத்ததால்தான் ஹில்டன் என்ற தனியார் பள்ளியின் மைதானம் கிடைத்தது. அப்படிக் கிடைக்காத பையன்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பவுமா வளர்ந்தது லாங்காவில், கறுப்பர்களை ஊரிலிருந்து ஒதுக்கிக் குடிவைத்த பகுதி அது. 2025 ஜூனில் லார்ட்ஸில் தொடைத்தசை இழுத்துக்கொண்ட நிலையிலும் நொண்டிக்கொண்டே 66 அடித்து உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். கோப்பை வாங்கியதால் மட்டும் மரியாதை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாளைக்கு டக் அவுட்டானால் திட்டுங்கள், ஃபீல்டிங் வைத்தது சரியில்லை என்று கிழியுங்கள், ரசிகருக்கு அந்த உரிமை உண்டு. நிறத்தை இழுக்காதீர்கள். ஏற்கெனவே போட்ட மீம்களை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.