மழையைப் பார்த்துவிட்டுப் பிளான் போடு

ஆதம்பாக்கம், சென்னை

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய பிளானை நானும் அம்மாவும் ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரில் வீடு கட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஓரத்தில் "நாலடி மண்ணடித்து மேடாக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

போன ஐப்பசியில் மதுராந்தகத்தில் இறங்கி ஊருக்குப் போனேன். நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு நம் மனையிலேயே ஒரு மணி நேரம் நின்றேன். தண்ணீர் தென்மேற்கு மூலையில் நுழைந்து, மூன்று பனைகளையும் ஒட்டி ஓடி, வாய்க்காலில் விழுந்து ஏரிக்குப் போகிறது. போகிற வழி நெடுகக் குச்சி நட்டுவிட்டு வந்தேன். நீ ஹால் போட்டிருப்பது சரியாக அந்த வழியில்தான்.

2015 டிசம்பர் உனக்கு மறந்திருக்காது. இங்கே ஆதம்பாக்கத்தில் பக்கத்து மனையில் லாரி லாரியாக மண் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். வெள்ளம் நம் கூடத்தில் முழங்கால் அளவு நின்றது. அதே காரியத்தை நாம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்யக் கூடாதம்மா. மனையை அப்படியே விடு. வீட்டை வடக்கே பதினைந்தடி தள்ளிப் போட்டு, பேஸ்மட்டத்தை மட்டும் மூன்றடி எழுப்பு. பனையும் தப்பும்.

அப்புறம் அந்தத் தூண்கள். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்ததிலிருந்து உனக்கு அந்த ஆசை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் செட்டியார்கள் பர்மாவில் தொழில் செய்து, அங்கிருந்து தேக்கு இறக்கிக் கட்டிய வீடுகள் அவை. செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயி வீட்டுக்கு அது எங்கே பொருந்தும்? நம் வீடுகளில் இருந்தது கூரையைத் தாங்கும் பனங்கை, நாட்டு ஓடு, வாசலில் திண்ணை, மழைச்சாரல் சுவரில் படாதபடி தாழ இறங்கிய கூரை.

பாட்டி வீட்டைப் பிரித்தபோது ஒரு நாட்டு ஓட்டை எடுத்து வைத்தேன். குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து, காயும் முன் நெடுக இரண்டாகப் பிளந்து சுட்டது. இப்போதும் அதன் உட்புறத்தைத் தடவினால் அவர் விரல் ஓடிய வரிகள் கையில் தட்டுப்படும். நீ வரும்போது தருகிறேன்.

பழைய வீட்டையே கட்டு என்று சொல்லவில்லை. உன் ஆபீஸ் அறை, ஒட்டிய குளியலறை எல்லாம் இருக்கட்டும். மேற்கே முழுக்கக் கண்ணாடி மட்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு மேல் உட்கார முடியாது. அந்தச் சுவரை லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கேரளத்தில் பரப்பிய முறையில் கட்டலாம். தட்சிணசித்ரா வடிவமைப்பிலும் அவர் கை உண்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. உள்ளே அடைபட்ட காற்று வெக்கையைத் தடுக்கும், செங்கலும் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். நம் கொத்தனார் இதுவரை கட்டியதில்லையாம். மாதிரிக்கு இரண்டு வரிசை போட்டுப் பார்க்கிறேன் என்கிறார்.

இந்த ஐப்பசிக்கு நாலு நாள் லீவு போட்டுவிட்டு வா. குச்சிகளை இன்னும் பிடுங்கவில்லை.

அன்புடன்,
அப்பா