கேமரன் மலை ஓட்டல்காரர்களுக்கு: அந்த இங்கிலீஷ் பிரேக்ஃபஸ்ட் விஷயமாக

கேமரன் மலையில் தங்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கு, குறிப்பாக மெனு அட்டையில் ‘இங்கிலீஷ் பிரேக்ஃபஸ்ட்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறவர்களுக்கு, வணக்கம்.

நான் ஈப்போக்காரன். சிம்பாங் பூலாய் பாதையில் ஏறினால் உங்கள் ஊர் எங்களுக்குப் பக்கம்தான், அதனால் பள்ளி விடுமுறை விட்டால் குடும்பத்தோடு அங்கே வந்துவிடுவோம். கொஞ்ச காலம் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் வேலை பார்த்தேன், அப்போது ஒட்டிக்கொண்டதுதான் இந்தப் பசியாறல் மேல் உள்ள ஆசை: சோசேஜ், பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சித் துண்டு), பொரித்த முட்டை, பீன்ஸ், தக்காளி, காளான், ரொட்டி எல்லாம் ஒரே தட்டில். இங்கே வந்த பிறகு ரொட்டி சானாய், நாசி லெமாக், தோசை எல்லாம் இருக்கும்போது அது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் மலைக்காற்றில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காரும் காலையில், அந்தத் தட்டு வேண்டும் என்று தோன்றுகிறது, அதற்கு உங்கள் ஊரைவிட்டால் இந்த நாட்டில் வேறு எங்கே போய்க் கேட்பது?

நீங்கள் விற்பதே அதைத்தானே! 1885இல் வில்லியம் கேமரன் அளந்துவிட்டுப் போன மலை, வெயில் தாங்காத வெள்ளைக்காரத் துரைமார் ஓய்வுக்கு ஏறி வந்த மலை, 1930களில் கட்டிய கருப்பு மரச்சட்டம் போட்ட வெள்ளைச் சுவர் வீடுகள், அதே சாயலில் நேற்றுக் கட்டிய அடுக்குமாடிகள், ஸ்கோன், கிரீம், ரோஜாத் தோட்டம். எல்லாமே பழைய இங்கிலாந்து நினைப்பில்தான் ஓடுகிறது. சரி, ஓடட்டும். காலையில் தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போதும் கொஞ்சம் அந்த நினைப்பு இருக்க வேண்டாமா?

போன விடுமுறையில் ஒரு விடுதியில் கிடைத்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பஃபே மேசையில் மூடி போட்ட எஃகுத் தட்டுகள், அடியில் சுடுநீர். ஒன்றில் இளஞ்சிவப்பு ஃபிராங்க்ஃபர்ட்டர் சோசேஜ், கத்தியால் இரண்டு கீறல் போட்டு, வெந்நீரில் மிதக்கிறது. இன்னொன்றில் பேக் பீன்ஸ், ஓரத்தில் குழம்பு காய்ந்து தோல் கட்டியிருக்கிறது, கரண்டியை விட்டால் அந்தத் தோலும் சேர்ந்து வருகிறது. பொரித்த முட்டை அடுக்கி வைத்து மஞ்சள் கரு கெட்டியாகி ரப்பராக இருக்கிறது. ரொட்டி சுடும் எந்திரத்தில் ஒரு தடவை விட்டால் வெள்ளையாகவே வரும், இரண்டாவது தடவை விட்டால் கரி. அதன் முன்னால் வரிசை. தக்காளி எங்கே என்று பார்த்தால் கெச்சப் போத்தல் நிற்கிறது.

இதற்கு ஹலாலைக் காரணம் சொல்லாதீர்கள். பன்றி வைக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும், யாரும் கேட்கவும் இல்லை. இரத்தத்தில் செய்யும் பிளாக் புட்டிங்கையும் மறந்துவிடலாம். இங்கிலாந்திலேயே பர்மிங்ஹாம், பிராட்ஃபோர்டு பக்கம் முஸ்லிம்கள் நடத்தும் கஃபேக்களில் ஹலால் ஃபுல் இங்கிலீஷ் பிரேக்ஃபஸ்ட் கிடைக்கிறது, ஆட்டிறைச்சி அல்லது மாட்டிறைச்சி சோசேஜ், வான்கோழி பேக்கன், மற்றதெல்லாம் அப்படியே. சாப்பிட்டிருக்கிறேன், அருமையாக இருக்கும். ஏன் அங்கே நன்றாக இருக்கிறது என்றால், அந்த சோசேஜ் பச்சை இறைச்சியைக் கொரகொரவென்று அரைத்து, ரஸ்க் தூளும் மிளகும் வாசனைத் தழைகளும் சேர்த்து அடைத்தது. கடையில் வாங்கும் ஃபிராங்க்ஃபர்ட்டர் மாவு மாதிரி அரைத்துப் புகைபோட்டு ஏற்கெனவே வெந்தது, அதைப் பொரித்தாலும் அவித்தாலும் அது ஹாட் டாக் சோசேஜ்தான். கோழியிலேயே பச்சை சோசேஜ் செய்துதர நம் ஊர் இறைச்சிக்கடைக்காரர்களுக்குக் கை வராதா என்ன? கேட்டுப் பாருங்கள்.

இறைச்சி என்றதும் இன்னொன்று, இதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம். ஒரு தட்டின் முன்னால் ‘பேக்கன்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எது என்று பரிமாறுகிற தம்பியிடம் கேட்டேன். தெரியவில்லை, உள்ளே போனார், திரும்பி வந்து “பீஃப் அங்கிள்” என்றார். அதற்குள் அம்மா இரண்டு துண்டு எடுத்துத் தட்டில் போட்டுவிட்டார். வாயில் வைப்பதற்குள் பிடுங்கி வைத்தோம், ஆனால் அன்று அவர் ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிட்டார். இந்த நாட்டில் இந்துக்கள் நிறையப் பேர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், சீனர்களிலும் குவான் யின் அம்மனைக் கும்பிடுகிறவர்கள் பலர் தொடமாட்டார்கள். ஹலால் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டத் தெரிகிறது, அந்தச் சின்ன அட்டையில் ‘மாடு’, ‘கோழி’, ‘வான்கோழி’ என்று மூன்று மொழியில் எழுத எவ்வளவு செலவாகும்?

அப்புறம் காய்கறி. எனக்குப் புரியவே இல்லை. விடுதியின் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை, உள்ளே தக்காளி. சாலை நெடுக முட்டைக்கோஸ் விற்கிறார்கள், காளான் விற்கிறார்கள், ஸ்ட்ராபெரி ஜாமைப் போத்தல் போத்தலாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் மேசையிலோ விமானத்தில் கொடுப்பது போன்ற விரல் அளவு டப்பாவில் எங்கிருந்தோ வந்த ஜாம், டின் காளான், கெச்சப். தக்காளியைக் குறுக்கே வெட்டி, உப்பும் மிளகும் போட்டு, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி சூடான எண்ணெயில் அசையாமல் வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஓரம் கருகி உள்ளே குழைந்துவிடும். அவ்வளவுதான் வேலை.

உருளைக்கிழங்கு விஷயமும் இருக்கிறது. உறைய வைத்த முக்கோண ஹாஷ் பிரவுனைப் பொரித்து வைக்கிறீர்கள், அது அமெரிக்காவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் இதற்கென்றே இங்கிலீஷ் பிரேக்ஃபஸ்ட் சொசைட்டி என்று ஒரு சங்கம் இருக்கிறது (சிரிக்காதீர்கள், உண்மைதான்), அவர்கள் ஹாஷ் பிரவுனைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு ‘பபிள் அண்ட் ஸ்குவீக்’ வையுங்கள் என்கிறார்கள். முந்தின இரவு மீந்த உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் பிசைந்து சட்டியில் அடை போலத் தட்டி மொறுமொறுவென்று வறுப்பதுதான் அது. கேமரன் முட்டைக்கோஸ் நாடு முழுக்க லோரியில் போகிறது. உங்கள் சமையலறைக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறதா?

வெள்ளைக்காரச் சமையலை நம்மவர்கள் செய்ய முடியாது என்ற பேச்சும் வேண்டாம். துரைமார் வீடுகளில் சமைத்தவர்கள் ஹைனான் சீனர்கள். அவர்கள் பிறகு திறந்த கோப்பிக் கடைகளில்தான் இன்றைக்கும் சிக்கன் சாப், கயா ரொட்டி, அரை அவியல் முட்டை எல்லாம் உயிரோடு இருக்கிறது. கோலாலம்பூரில் 1928லிருந்து நடக்கும் யூட் கீ கோப்பிக் கடையில் போய்ப் பாருங்கள், காலையில் இடம் கிடைக்கக் காத்து நிற்கிறார்கள். அங்கே எதையும் முன்னூறு பேருக்குச் சேர்த்துச் செய்து சுடுநீர் மேல் வைப்பதில்லை. கேட்ட பிறகு சட்டியை அடுப்பில் வைக்கிறார்கள்.

நான் கேட்பதும் அதுதான். பஃபே இருந்துவிட்டுப் போகட்டும், நாசி கோரேங்கும் மீ கோரேங்கும் அந்தத் தட்டில் தாங்கும். இங்கிலீஷ் பிரேக்ஃபஸ்டை மட்டும் தனியாக, கேட்பவருக்குக் கேட்ட நேரத்தில் செய்து கொடுங்கள். முதலில் சோசேஜ், மெல்லிய தீயில், திருப்பித் திருப்பி, நாலு பக்கமும் பழுப்பாகும்வரை. அது இறக்கிய கொழுப்பிலேயே பேக்கன், தக்காளி, காளான். அதே சட்டியில் ஒரு துண்டு ரொட்டி, மிச்சமிருக்கிற ருசியெல்லாம் அதில் ஏறிவிடும். கடைசியில் முட்டை, கரண்டியால் சூடான எண்ணெயை மேலே ஊற்றி ஊற்றி, கரு இளகலாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பீன்ஸ் டின்தான், அங்கேயும் டின்தான், அதில் வெட்கம் இல்லை. ஆனால் சின்னச் சட்டியில் கொஞ்சம் வற்றவிட்டுச் சூடாக வையுங்கள். இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்று சொல்லுங்கள், காத்திருக்கிறோம். முப்பது நாற்பது வெள்ளி வாங்குகிறீர்கள், அதற்கு மேல் ஐந்து வெள்ளி கூடக் கேட்டாலும் முனகமாட்டேன்.

தேநீரைச் சொல்ல மறக்கக் கூடாது. 1929இல் தொடங்கிய ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டம் உங்கள் கொல்லைப்புறத்தில் இருக்கிறது, அந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அந்த மலையில் உட்கார்ந்துகொண்டு, கொதிக்காத நீரில் ஒரு பையை நனைத்து, பக்கத்தில் கிரீமர் தூள் வைத்துக் கொடுக்கிறீர்கள். தூள் தேயிலையைக் கெண்டியில் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, நாலு நிமிடம் மூடி வைத்து, குளிர்ந்த பாலைத் தனிக் குவளையில் கொடுங்கள். கெட்டிப்பால் வேண்டுமென்றால் கீழே ஈப்போவிலேயே குடித்துக்கொள்வோம்.

வருகிற ஆண்டிறுதி விடுமுறைக்கு எங்கே தங்குவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உங்களில் யாராவது இப்படிச் செய்துகொடுக்கத் தயார் என்றால் மெனுவைப் பொதுவில் போடுங்கள், எந்த இறைச்சி என்பதையும் சேர்த்து. அம்மாவுக்குக் கோழி சோசேஜ் போதும்.

இப்படிக்கு,
ஈப்போவிலிருந்து ஒரு வாடிக்கையாளர்