கல்லடிப் பாலத்தின் நூறாவது ஆண்டில்: வரலாற்று மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இச்சபையின் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்கூட்டத்தின் கூட்டறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டுவிட்டது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். எனவே மன்றம் இவ்வாண்டு செய்தவற்றையும், அவற்றைச் செய்யும்போது எம்மிடையே எழுந்த ஒரு வாதத்தையும் மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். மட்டக்களப்பு நகரத்தின் வரலாற்றைக் கோட்டையிலும் ஆவணங்களிலும் தேடினால் போதுமா, அடுப்படியிலும் தேட வேண்டுமா என்பதே அந்த வாதம். அடுப்படியை விட்டுவிட்டு எழுதப்படும் எமது வரலாறு பாதி வரலாறுதான் என்பது என் நிலைப்பாடு. அதற்கான காரணங்கள் இந்த அறிக்கையிலேயே கிடைக்கும்.

ஆண்டின் முதன்மையான வேலை கல்லடிப் பாலத்தின் நூற்றாண்டைக் குறிப்பதாக இருந்தது. ஆளுநர் வில்லியம் மனிங்கின் துணைவியார் பெயரில் லேடி மனிங் பாலம் என்று 1924இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம் அது. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2013இல் பக்கத்திலேயே திறக்கப்படும் வரை, களப்பின் (கடனீரேரியின்) கிழக்குக் கரையான எழுவான்கரையின் தெற்குப் பகுதி முழுவதும் நகரத்துக்குள் வந்தது இதன் வழியாகத்தான். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று எந்த ஊர் பஸ்ஸாக இருந்தாலும் இந்த ஒடுங்கிய பாலத்தின் வாயிலில் நின்று, எதிரே வரும் வாகனங்கள் கடந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். பழைய பாலத்தின் மேலேயே ஒரு மாலைக் கூட்டம் நடத்தினோம். பேச்சாளர் என்று எவரையும் அழைக்கவில்லை. பாலத்தைக் கடந்து வேலைக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் போனவர்களே பேசினார்கள். அதிகம் பேசியவர்கள் பெண்கள். எந்த நேரத்துப் பஸ்ஸில் யார் மீன் கூடையோடு ஏறுவார்கள், எந்த ஊர்க்காரர் தயிர்முட்டியை (தயிர்ப் பானையை) மடியில் வைத்துக்கொண்டு வருவார், பாலத்தடியில் பஸ் நிற்கும்போது யார் கச்சான் (வேர்க்கடலை) விற்பார்கள் என்று நினைவிலிருந்து வரிசையாகச் சொன்னார்கள். அந்த நினைவுகள் முழுவதையும் பதிவு செய்து, எழுத்திலும் ஏற்றியிருக்கிறோம்.

அன்றைய கூட்டத்துக்கு வந்த வெளியூர் நண்பர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் களப்பில் மீன் பாடுமா? அவர்களுக்கு நாம் சொன்னதை இங்கும் பதிவு செய்கிறேன். காற்றும் அலையும் அடங்கிய இரவில், குறிப்பாக முழுநிலவை ஒட்டிய நாட்களில், தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் ஓசை தெளிவாகக் கேட்கும் என்பது எமது களப்புத் தொழிலாளர் தலைமுறைகளாகச் சொல்லிவருவது. 1848 செப்டம்பரில் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இதையே கேட்டு எழுதி வைத்தார். ஓசை எழுப்புவது மீன் அல்ல, ஊரி என்னும் நத்தையினம் என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். பிற்காலத்தில் அமெரிக்க இயேசுசபைத் துறவியான லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவும் செய்தார். மீன்பாடும் தேன்நாடு என்ற பெயர் எமக்குப் பெருமைதான். ஆனால் எமது நகரத்தைப் பற்றிய பேச்சு அந்த ஒரு வரியோடு முடிந்துபோவதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. அதனால்தான் அடுத்த இரு நிகழ்வுகளையும் பிடிவாதமாக முன்மொழிந்தேன்.

முதலாவது, நகர மையமான புளியந்தீவில் நடத்திய நடை. கோட்டையில் தொடங்கினோம். 1602இல் ஒல்லாந்தத் தூதர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கியபோது இந்தக் கோட்டை இல்லை. போர்த்துக்கேயர் அதைக் கட்டியது 1628இல். பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதம், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றிவிட்டார்கள். பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். கோட்டைக்குள் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வந்தது. எமது பெற்றோருக்குக் கோட்டை என்றால் பீரங்கி நினைவுக்கு வராது, காணிப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும்தான் நினைவுக்கு வரும். நடையில் வந்த மாணவர்களுக்கு இந்தச் செய்திதான் மிகவும் பிடித்திருந்தது. அங்கிருந்து மெதடிஸ்த மத்திய கல்லூரிக்குச் சென்றோம். 1814இல் வந்து பாடசாலையைத் தொடங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியார், ஓராண்டு நிறைவதற்குள் 1815 ஏப்ரலில் காலமானார். அவர் வைத்த பாடசாலை 210 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியையும், நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசுசபையினர் இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்த கூடைப்பந்தையும், அந்த விளையாட்டுக்காக உழைத்த வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கும் மைதானத்தையும் பார்த்தோம். காந்தி பூங்காவில் நடை முடிந்தது. வெயில் கடுமை. தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பதிலாக மண்பானையில் மோர் வைத்திருந்த மகளிர் குழுவினருக்கு நன்றி.

இரண்டாவது, உணவு நாள். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் வைத்த விதி எளிமையானது. கடையில் வாங்கியது எதுவும் வரக்கூடாது. கொண்டு வருபவர் அதை யாரிடம் கற்றார், எப்படிச் செய்கிறார், எந்த நாளில் செய்வார் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். எழுதுவதற்கு ஒருவர், நிறுப்பதற்கு ஒருவர் என்று ஒவ்வொரு மேசையிலும் இரண்டு இளைஞர்களை உட்கார வைத்தோம். எமது அம்மாமாரிடம் அளவு கேட்டால் கண் அளவு, பிடி அளவு என்றுதான் பதில் வரும். ஆகவே பிடியளவு என்று சொன்னவுடன் அந்தப் பிடியை அவர் கையிலிருந்தே தட்டில் வாங்கி நிறுத்து எழுதினோம். சுண்டு என்ற அளவுக் குவளைக் கணக்கில் சொன்னவர்களுக்குச் சுண்டாலேயே அளந்தோம். இப்படி எழுதப்பட்ட குறிப்பேடு எமது வாசிகசாலையில் எவரும் எடுத்துப் பார்க்கக்கூடியதாக வைக்கப்பட்டிருக்கிறது.

காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு தாயார் வட்டிலப்பம் கொண்டு வந்தார். தேங்காய்ப்பாலையும் முட்டையையும் கித்துள் கருப்பட்டியையும் எந்த ஒழுங்கில் சேர்த்தால் திரியாது என்பதை அவர் விளக்கியபோது மண்டபத்தில் பேச்சொலி அடங்கிவிட்டது. பறங்கிக் குடும்பத்து (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த) மூதாட்டி ஒருவர், நத்தாருக்குச் செய்யும் லவ் கேக்கை ஒரு துண்டுகூட உடையாமல் எடுத்து வந்திருந்தார். ரவை, முட்டை, முந்திரிப்பருப்பு, தேன் என்று பொருட்களைச் சொல்லிக்கொண்டே போனவர், பக்கத்தில் நின்ற தம் சகோதரியிடம் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் ஏதோ உறுதிப்படுத்திக்கொண்டார். அந்த மொழியை வீட்டில் பேசுகிறவர்கள் இன்று மிகச் சிலரே. அதை முதன்முறையாகக் காதால் கேட்ட பிள்ளைகள், கப்ரிஞ்ஞா ஆட்டத்தைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். களப்பு நண்டுக் கறியில் முருங்கையிலையை எந்த நேரத்தில் போடுவது என்பதில் நாவற்குடாவுக்கும் ஆரையம்பதிக்கும் இடையே பெரிய விவாதமே நடந்தது. இரண்டு முறையும் குறிப்பேட்டில் ஏறியிருக்கின்றன. நீத்துப்பெட்டியில் (ஓலைப் பெட்டியில்) அவித்த பிட்டு எல்லா மேசையிலும் இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று கிழக்கில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். 1990இன் இன வன்முறைகளுக்குப் பின்வந்த ஆண்டுகளில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவே தயங்கிய காலமும் இருந்தது என்பதை இங்கிருக்கும் மூத்தவர்கள் அறிவார்கள். அன்று ஒரே மண்டபத்தில் இரு சமூகத்துப் பெண்களும் மாவின் பதத்தைப் பற்றித் தயக்கமின்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டு நான் மகிழ்ந்தேன்.

களப்பின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து எருமைத் தயிர் வந்தது. பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, உறையிட்டு, முட்டியில் ஊற்றி இரவு முழுவதும் அசையாமல் வைக்க வேண்டும். மண்முட்டி நீரை உறிஞ்சுவதால்தான் தயிர் கெட்டியாகிறது. பிளாஸ்டிக் வாளியில் அந்தக் கெட்டி வராது. தயிரைப் பற்றிப் பேச வந்த பண்ணையாளர் தயிரோடு நிறுத்தவில்லை. பட்டியை எங்கே மேய்ப்பது என்று கேட்டார். வயலில் வேளாண்மை (நெற்பயிர்) நிற்கும் மாதங்களில் மாடுகளைத் தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலத்துக்குக் கொண்டுபோனால்தான் பட்டியும் பிழைக்கும், வேளாண்மையும் பிழைக்கும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் தொடங்கிய பண்ணையாளரின் போராட்டம் இவ்வாண்டும் தொடர்ந்தது. மன்றம் அரசியல் மேடை அல்ல என்பதை அறிவேன். ஆனால் மட்டக்களப்புத் தயிரைப் புகழ்ந்துவிட்டு, மாடு நிற்க நிலம் உண்டா என்று கேட்காமல் போவது எனக்குச் சரியாகப்படவில்லை. அவர் சொன்னதும் குறிப்பேட்டில் இருக்கிறது.

இந்த நாளுக்குப் பின்னர்தான் வாதம் வந்தது. வரலாற்று மன்றம் களியாட்டக் கடைபோல் ஆகிவிடக்கூடாது என்று எமது மூத்த அங்கத்தவர் ஒருவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தார். இம்மன்றத்துக்கு அவர் செய்திருப்பவற்றை நான் மதிக்கிறேன். அவருடைய கடிதம் நிர்வாக சபையில் முழுமையாக வாசிக்கப்பட்டது. என் பதிலையும் அங்கேயே சொன்னேன். கோட்டைச் சுவர் அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும். எண்பது வயதுத் தாயின் கைப்பக்குவத்துக்கு அந்த உறுதி இல்லை. அதோடு, ஆவணங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆளுநர்களும் பாதிரிமாரும் அதிகாரிகளும்தான். எமது பெண்கள் வைத்திருந்த பதிவு சமையலிலும் சடங்கிலும்தான் இருக்கிறது. சபை உணவு நாளைத் தொடர்வதென்று தீர்மானித்தது. விற்பனை மேசை எதுவும் இருக்கக்கூடாது என்ற மூத்தவரின் கோரிக்கையையும் ஏற்றுக்கொண்டது. அது நல்ல திருத்தம்.

வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் சடங்குகளைக் காண்பதற்கு அங்கத்தவர்கள் சிறு சிறு குழுக்களாகச் சென்றார்கள். செட்டிபாளையத்துக்கும் தம்பிலுவிலுக்கும் சென்ற குழுக்களின் குறிப்புகள் மிகச் சிறந்தவை. கதவு திறப்பதிலிருந்து வழக்குரை (கண்ணகி கதைப் பாடல்) படிப்பு, நெற்குற்றுதல், வளந்து (பொங்கற் பானை) வைத்தல், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி வரை ஒவ்வொன்றையும் யார் எந்த உரிமையில் செய்கிறார்கள் என்று குடிவாரியாக (தாய்வழிக் குலவாரியாக) கேட்டு எழுதியிருக்கிறார்கள். படம் எடுக்க வேண்டாம் என்று கோயிலார் சொன்ன இடங்களில் எவரும் கைபேசியை வெளியே எடுக்கவில்லை. இந்த ஒழுங்கைத் தொடர்ந்து காக்க வேண்டும்.

ஓகஸ்ட் 4ஆம் திகதி ஆடி அமாவாசை. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தத்துக்கு வந்த அடியார்களுக்குத் தாகசாந்தி நிலையம் வைத்தோம்.

காரைதீவுக்கு ஒரு பயணமும் நடந்தது. 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்தபோது காரைதீவு மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். பயணத்தின் காலைப் பகுதியில் அவருடைய பிறந்த ஊரையும், மாலையில் 1929இல் அவர் தொடங்கிய கல்லடி உப்போடை சிவானந்த வித்தியாலயத்தையும் அங்குள்ள சமாதியையும் பார்த்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழின் முதற் பேராசிரியராக இருந்தவர், இந்தக் களப்போரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார். மதிய உணவை வழங்கிய காரைதீவு அன்பர்கள், மறுத்தும் கேளாமல் இலையில் மீண்டும் மீண்டும் இட்டார்கள்.

ஆண்டின் இறுதி கடினமாக இருந்தது. நவம்பர் கடைசி வாரத்து மழையும் வெள்ளமும் மட்டக்களப்பையும் அம்பாறையையும் முடக்கின. மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட மத்ரஸா மாணவர்களின் செய்தி எம் எல்லோரையும் உலுக்கியது. திட்டமிட்டிருந்த கூத்து மாலையை ஒத்திவைத்து, அதற்காகச் சேர்த்த அரிசியையும் பருப்பையும் சமைத்துத் தாழ்நிலக் குடியிருப்புகளுக்குக் கொடுத்தோம். உணவு நாளில் சந்தித்துப் பழகிய பெண்களே காத்தான்குடியிலிருந்தும் டச்பாரிலிருந்தும் பாத்திரங்களோடு வந்து கூடினார்கள். டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையின் இருபதாவது ஆண்டு நினைவுக்காக நாவலடிக்குச் சென்றோம். அங்கு எவரும் உரையாற்றவில்லை. விளக்கேற்றி, இறந்தவர்களின் பெயர்களை உறவினர்களே சொல்லக் கேட்டு நின்றோம்.

அங்கத்துவம் கூடியிருக்கிறது; சந்தா வசூல் அந்த அளவுக்குக் கூடவில்லை. நிலுவை வைத்திருப்பவர்கள் இன்றே பொருளாளரைச் சந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு நிர்வாக சபை முன்வைக்கும் வேலை ஒன்றுதான்: படுவான்கரை வயல் வட்டைகளின் வாழ்க்கையைப் பதிவு செய்தல். சூடு மிதித்த களவெட்டி (நெற்கதிர் மிதிக்கும் களம்), அங்கே பொலி பாடிய குரல், வயல் உடைமையாளரான போடியாருக்கும் அவரது வயலில் வேலை செய்த முல்லைக்காரருக்கும் இடையிலான கணக்கு, மரைக்கால், அவணம் என்ற நெல் அளவுகள், சீனட்டி நெல்லின் சோறு ஆகியவற்றை நேரில் கண்டு அறிந்தவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். அறுவடை இயந்திரம் வந்த பின் பிறந்த பிள்ளைகள் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்களும், பழைய வயற்சொற்கள் தெரிந்த முதியவர்களும் இன்று கூட்டம் முடிந்ததும் தங்கள் பெயர்களைத் தந்துவிட்டுச் செல்லுங்கள். முதற் குழு கொக்கட்டிச்சோலைப் பக்கம் புறப்படும்.

ஒத்திவைக்கப்பட்ட கூத்து மாலை, கூத்தின் இரு வகைகளான வடமோடி, தென்மோடி இரண்டோடும், சித்திரைக்கு முன் நடைபெறும்.

இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
மட்டக்களப்பு