சொல்லி அனுப்புகிறோம்

அன்புள்ள கண்ணு,

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்திருக்கிறாள். டப்பா மூடி இறுக்கமாக இல்லை, பிரிக்கும்போது கவனம். இரவு பதினோரு மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காராதே. உன் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருப்பதை வீடியோவில் பார்த்தேன். இங்கே கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. என் முட்டி வலி பழையபடிதான்.

தம்பியும் இருக்கிறான். உன் போன் வந்தால் மாடிக்குப் போய்விடுகிறான். நீயும் அவனை விசாரிப்பதில்லை. வேலை மும்முரம், எனக்குத் தெரியும். கார்த்திகையில் வந்தவன். இப்போது ஆனி.

தேர் அன்று நடந்ததை நான் மறுபடியும் எழுதப் போவதில்லை. அடிபட்ட பையன் இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். அவன் எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். உன் கோபம் நியாயம். ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி எட்டு மாதம் அவனைச் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் நிறுத்தியிருந்தார்கள். நடத்தையைப் பார்த்துத்தான் அங்கே அனுப்புவார்கள். வருகிற வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டு, காசு வாங்கி, சில்லறை கொடுத்து, கணக்கைப் பைசா குறையாமல் ஒப்படைத்தான். கைதியாக இருந்தவன் கையில் பணத்தை நம்பிக் கொடுத்தார்கள். தண்டனை முடிந்து வந்தவனிடம் ஒரு ஸ்பேனரைக் கொடுக்க ஆள் இல்லை.

வேலை கேட்டு குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் மூன்று இடம், கணபதியில் நான்கு இடம் போய்விட்டான். ஐ.டி.ஐ. டர்னர் என்றதும் உட்காரச் சொல்கிறார்கள், டீ வருகிறது. நடுவில் மூன்று வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்கிறார்கள். மறைக்காமல் சொல்லிவிடுகிறான். யாரும் திட்டுவதில்லை. "சொல்லி அனுப்புகிறோம்" என்கிறார்கள். ஒருவர் மட்டும், பெண்கள் வேலை செய்யும் இடம், என்னால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தம் குறைவு.

மறைத்துவிட்டால் என்ன என்றாள் அம்மா. வக்கீலிடம் கேட்டேன். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை விளக்கினார். அது அரசு வேலை பற்றிய வழக்கு. தண்டனையை மறைத்துச் சேர்ந்தால் பின்னால் நீக்கலாமாம். உள்ளதைச் சொன்னாலும், வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாதாம். சின்ன வழக்கென்றால் பொறுத்துக்கொள்ளலாமாம். நம் வழக்கு சின்னதில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். முந்தின தீபாவளிக்கு நீயே சொன்னாயே, வழக்கை மறைத்த ஒருவனை ஏஜென்சி மூலம் கண்டுபிடித்து ஆஃபர் லெட்டரை ரத்து செய்ததை. தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இருபத்தொன்பது வயதில் அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஆள் எடுக்கிற பொறுப்பு, இன்றும் பெருமைதான். அவன் முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பாயா என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

சிறையில் மனு போட்டுத் தம்பியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வ.உ.சி. நினைவு வரும். அதே கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். 1912-இல் வெளியே வந்தபோது அவரிடம் சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமம், இல்லை. பிழைப்புக்காக நம் ஊரிலேயே ஒரு வங்கியில் வேலை பார்த்திருக்கிறார். பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதிதான் சன்னது திரும்பக் கிடைக்கும்படி செய்தார். அந்த நன்றியில் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். அவர் நாட்டுக்காகப் போனவர், உன் தம்பி குடித்துவிட்டுப் போனவன். ஒப்பிட எனக்கு வாயில்லை. ஆனாலும் பிள்ளைக்குப் பெயராக வைக்கிற அளவுக்கு அவர் அந்த உதவிக்காகத் தவித்திருக்கிறார், பார்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது, கண்ணு. அம்மாவுக்கும் தெரியாது. 1997-இல் பட்டறைக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். டிரில்லிங் மெஷினுக்கு ஆள் இல்லாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்த நேரம். ஒரு பிளேட்டைக் கொடுத்து ஓட்டை போடச் சொன்னேன். அளவு நூல் பிசகவில்லை. எங்கே வேலை பார்த்தீர்கள் என்றதும் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். நன்னடத்தை அலுவலர் கொடுத்தது. நான் அதை முழுவதும் படிக்கக்கூட இல்லை. சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அவர் காட்டன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "முகவரி எழுதித் தரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றுதான் சொன்னேன், கண்ணு. முகவரி இல்லாமல் எங்கே சொல்லி அனுப்புவது? அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மெஷினைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனார்.

லேத் இருந்திருந்தால் தம்பியை நானே நிறுத்தியிருப்பேன். அது வழக்குச் செலவுக்குப் போனது உனக்குத் தெரியும். தினமும் காலையில் ஷேவ் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். எங்கே போகிறாய் என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. திரும்பி வரும் வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் ஒரு கவர் வைத்திருக்கிறேன். அவனுடைய பயோடேட்டா. அனுப்புவது அவனுக்குத் தெரியாது. மூன்று வருடத்தையும் அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறான். முகவரியையும் போன் நம்பரையும் நான்தான் கீழே பெரிய எழுத்தில் மறுபடியும் எழுதினேன்.

பதினோரு மணிக்குள் தூங்கு.

உன் அப்பா