செராபிஸ், ஐசிஸ் படத்தாள்கள்: இன்னும் 2,430 யூரோ வேண்டும்

அன்புடையீர்,

செராபிஸ், ஐசிஸ் முதலிய பழங்காலத் தெய்வங்களின் அச்சுப் படத்தாள்களைச் செப்பனிட நவம்பர் 30-க்குள் முழுத்தொகையும் கட்டியாக வேண்டும். தவறினால் தாள் செப்பனிடுபவர் நமக்கு ஒதுக்கிய முறை அடுத்தவருக்குப் போய்விடும். 24 தாள்கள், தாளுக்கு 270 யூரோ, மொத்தம் 6,480. கையிருப்பு 4,050. ஒன்பது தாள்கள் அந்தரத்தில் நிற்கின்றன.

பெனடிக்ட் சபைத் துறவி பெர்னார் த மோன்ஃபோகோன் 1719-இல் இதே பாரிஸில் வெளியிட்ட பழம்பொருள் தொகுதிகளிலிருந்து பிரிந்த செப்புத்தகட்டுப் படங்கள் இவை. முன்பணம் கட்டியவர்களை நம்பித்தான் அந்தப் பெருநூலே அச்சேறியது. தலையில் தானியப் படி சுமந்த செராபிஸ், காலடியில் மூன்று தலை நாய்; மார்பில் முடிச்சிட்ட ஆடையும் கையில் கிலுக்குமாக ஐசிஸ்; வாயில் விரல் வைத்த குழந்தை ஹார்ப்போகிரட்டீஸ்; கிரேக்கத் தூதுக்கடவுள் ஹெர்மிஸின் கோலேந்திய நாய்முக அனுபிஸ். எகிப்தை ஆண்ட கிரேக்க வழித் தாலமி மன்னர்கள் காலத்து அலெக்ஸாந்திரியாவில் கிரேக்கமும் எகிப்தும் கலந்து உருவான வடிவங்கள். செராபிஸின் பெருங்கோயிலை 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடித்துத் தள்ளினார்கள்.

கும்பிட ஆளில்லாத சாமிகளுக்கு எதற்குச் செலவு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். விளக்கேற்றச் சொல்லவில்லை ஐயா, பூச்சி அரிக்காமல் காக்கச் சொல்கிறோம். ஒரு காலத்தில் கோடிப் பேர் கையெடுத்த உருவங்கள். அவமதிப்பது நம் வழக்கமல்ல.

தாள் பழைய துணிக்கூழில் செய்தது, கெட்டியானது. கெடுத்தது பின்னால் வைத்த மலிவான மரக்கூழ் அட்டை. அதன் அமிலம் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடாகச் சுட்டிருக்கிறது. கிழிசலில் செலோடேப் வேறு. பசை உள்ளே இறங்கி மஞ்சளாகிவிட்டது. முதலில் உலர் தூரிகையால் தூசு தட்டி, மை கரைகிறதா என்று ஓரத்தில் பார்த்து, பிறகே சுண்ணாம்பு கலந்த தூய நீரில் கழுவுவார்கள். பின்னாளில் வண்ணம் தீட்டிய மூன்று தாள்கள் நீரில் இறங்கக் கூடாது, சாயம் ஓடிவிடும். கிழிசலுக்கு ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமைப் பசையும். உலர்த்தும்போது அதிகம் அழுத்தினால் தகட்டு விளிம்பின் தடமும், விரலுக்குத் தட்டுப்படும் மைக்கோடுகளும் தட்டையாகிவிடும். போன பிறகு திரும்பாது. குளோரின் போட்டு வெளுக்கும் மலிவான ஆளை நாங்கள் தேடாததற்கும் அதுதான் காரணம்: அப்போதைக்குப் பளிச்சென்று இருக்கும், பிறகு தாள் நொறுங்கும்.

ஒரு தாளுக்குச் சுத்தம் செய்ய 140, கிழிசல் ஒட்ட 60, பருத்தி அட்டைக்கும் பெட்டிக்கும் 70.

மாதம் பத்து யூரோ தவறாமல் தந்த சகோதரிகளுக்கும், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைத் தாமே வாங்கித் தூக்கிவந்த பெரியவருக்கும், பிறந்தநாள் செலவைக் குறைத்து உண்டியலில் போட்ட பிள்ளைகளுக்கும், பெயர் வேண்டாம் என்று உறையில் 500 வைத்துப் போனவருக்கும் குழு கடமைப்பட்டிருக்கிறது. பொங்கல் கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்னவர்களில் சிலர் இன்னும் தரவில்லை. பெயரைப் பலகையில் எழுத மனமில்லை. சபையில் சொன்ன சொல், அவ்வளவுதான் சொல்வோம்.

தொகையைப் பொருளாளரிடம் கொடுத்து அன்றே ரசீது பெறலாம். ஒரு தாளை முழுதாக ஏற்பவர் எதுவென்று குறிப்பிடலாம். ஹார்ப்போகிரட்டீஸை ஏற்கெனவே இருவர் கேட்டிருக்கிறார்கள்; அனுபிஸுக்குத்தான் யாருமில்லை.

படத்தாள் பாதுகாப்புக் குழு